அடுத்த பாண்ட் பாட்டை யார் பாடினா என்ன?

மூணு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆபீஸ்ல ஆணி அதிகம். "என்னப்பா, கடையை மூடிட்டியா?"ன்னு ரெண்டு பேர் அக்கறையா கேட்டாங்க. மூடலைங்க. சரக்கு இல்லாமத்தான் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சிருந்தேன். போன வாரம் டீக்கடையில நடந்த ஒரு சண்டை புண்ணியத்துல இன்னிக்கு முழுசா திறக்குறேன் :-)

சண்டை இதுதான். அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பத்திப் பேச்சு வந்துச்சு. 2025 பிப்ரவரியில பாண்ட் படங்களோட கலைப் பொறுப்பு அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போச்சு. அதே வருஷம் ஜூன்ல ட்யூன் எடுத்த டெனி வில்னெவ்தான் இயக்குநர்னு அறிவிச்சாங்க. அதுல ஆரம்பிச்சு, "டைட்டில் பாட்டு யாருக்குக் குடுப்பாங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். உடனே ஏலம் தொடங்கிருச்சு. ஒருத்தன் துவா லிபாங்குறான், இன்னொருத்தன் லானா டெல் ரேங்குறான். டெஸ்டிங் டீம் பொண்ணு ஒண்ணு டெய்லர் ஸ்விஃப்டைத் தவிர யாரையும் ஒத்துக்க மாட்டேன்னு நிக்குது. நான் சும்மா இல்லாம, "யார் பாடினா என்ன? பின்னணி இசை யாரு, அவரைப் பாட்டுல சேத்துக்குவாங்களா, அதைச் சொல்லுங்க"ன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, டீக்குக் காசும் என்னையே குடுக்க வச்சுட்டாங்க.

அந்தக் காசுக்காகவாவது நான் சொல்ல வந்ததை முழுசா சொல்லணும் இல்லையா? அதான் இந்தப் பதிவு.

என் கட்சி ரொம்பச் சின்னது. பாண்ட் படத்தோட டைட்டில் பாட்டு ஒரு பாப் நட்சத்திரத்தோட புது சிங்கிள் கிடையாது. அது படத்தோட ஒரு காட்சி. மூணு மூணரை நிமிஷம் ஓடுற காட்சி. அதைப் படத்துக்கு இசை போடுற ஆளோட உக்காந்து பண்ணினா அது படத்துக்குள்ள போகும். வெளியில தனியாப் பண்ணி கடைசி நேரத்துல கொண்டாந்து ஒட்டினா வெளியிலேயேதான் நிக்கும், எவ்வளவு நல்ல பாட்டா இருந்தாலும்.

நம்ம ஊர் சினிமா பாத்து வளந்தவங்களுக்கு இது ஒரு விஷயமாவே தோணாது. நம்மகிட்ட பெரும்பாலும் பாட்டும் பின்னணி இசையும் ஒரே ஆள். முதல் பாதியில காதலிச்சப்ப வந்த மெட்டு, ரெண்டாம் பாதியில பிரிவுக் காட்சியில ஒத்தைப் புல்லாங்குழலா வந்து நிக்கும். நமக்குக் காரணம் தெரியாமலே கண்ணு கலங்கும். அங்க அப்படி இல்லை. பாட்டு ஒரு கான்ட்ராக்ட், பின்னணி இசை வேற கான்ட்ராக்ட். ரெண்டையும் இணைக்கிறது யாரு? பல தடவை யாருமே இல்லை.

ஆனா ஆரம்பத்துல அங்கயும் அப்படி இல்லை. 1964 கோல்ட்ஃபிங்கரை எடுத்துக்குங்க. மெட்டு ஜான் பேரி, வரிகள் லெஸ்லி பிரிகஸ், ஆந்தனி நியூலி. பாடினது ஷெர்லி பாஸி. படத்துக்குப் பின்னணி இசையும் அதே ஜான் பேரி. தொடக்கத்துல பிராஸ் வாத்தியங்கள் அலறுமே, அது பாட்டோட முடியுறதில்லை. சுவிட்சர்லாந்து மலைப்பாதையில வில்லன் காரை பாண்ட் தூரத்துல இருந்து தொடர்ந்து போறப்ப அதே மெட்டு மெதுவா, சோம்பலா வரும். டைட்டில்ல பயமுறுத்தின மெட்டு இங்க உல்லாசப் பயண மெட்டு ஆயிருக்கும். வில்லனோட பேரைச் சொல்லாமலே அவன் ஞாபகத்தைப் படம் முழுக்க தெளிச்சுக்கிட்டே போவாரு மனுஷன்.

பாடினவங்க கதையும் இதுக்கு ஒத்துப் போகுது. டைட்டில் காட்சியைத் திரையில ஓடவிட்டு அதைப் பாத்துக்கிட்டே பாடணும்னு பாஸியை நிக்க வச்சாங்க. கடைசி ஸ்வரத்தை எழுத்து ஓடி முடியுற வரைக்கும் பிடிக்கணும். மூச்சு பத்தலை. தடுப்புக்குப் பின்னாடி போய் உள்ளாடையைக் கழட்டிட்டு வந்து பாடி முடிச்சதா அவங்களே பின்னால சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க. அந்தக் கடைசிச் சுருதியோட நீளத்தை முடிவு பண்ணினது பாடகியோட ஆல்பம் இல்லை, திரையில ஓடின காட்சி. இதுதான் நான் கேக்குறது. அந்தப் படத்தோட இசைத்தட்டு 1965ல அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல முதலிடம் போச்சு. படத்துக்கு அடங்கின பாட்டு விக்காதுன்னு யாராவது சொன்னா இதைக் காட்டுங்க.

(நடுவுல ஒரு துணுக்கு. பாண்ட்னாலே நாம வாயால பாடிக் காட்டுற அந்த "டண்டடண்டண்" கிட்டார் மெட்டு இருக்கே, அதோட மூலம் மான்ட்டி நார்மன். வி.எஸ். நைபாலோட 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடை நாடகமாக்க முயற்சி பண்ணினப்ப ட்ரினிடாட் இந்தியர் ஒருத்தர் பாடுறதுக்காக அவர் போட்ட மெட்டு அது. அந்த நாடகம் மேடை ஏறலை. மெட்டு அலமாரியில தூங்கிச்சு. 1962ல டாக்டர் நோ படத்துக்கு அதை எடுத்தாரு, ஜான் பேரி அதுக்குக் கிட்டாரும் பிராஸும் போட்டு உருவம் குடுத்தாரு. உண்மையில மெட்டு யாரோடதுன்னு பெரிய தகராறாகி, 2001ல லண்டன் கோர்ட்டுல நார்மன் ஒரு பத்திரிகை மேல அவதூறு வழக்கு போட்டு ஜெயிச்சு 30,000 பவுண்டு வாங்கினாரு. உலகத்துலயே அலட்டலான உளவாளியோட அடையாள மெட்டு, ட்ரினிடாட்ல சொந்த வீட்டுக்கு ஏங்கின ஒரு இந்தியனுக்காகப் போட்டதுன்னா எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்.)

சரி, கதைக்கு வருவோம். பெரிய நிறுவனம் கடைசி நேரத்துல மூக்கை நுழைக்கிறது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லை. 1965 தண்டர்பால் படத்துக்கு ஜான் பேரி முதல்ல போட்டது 'மிஸ்டர் கிஸ் கிஸ் பேங் பேங்'னு ஒரு பாட்டு. ஷெர்லி பாஸியும் பாடினாங்க, டியான் வார்விக்கும் பாடினாங்க. கடைசியில, படத்தோட பேரு பாட்டுல வரணும்னு மேல இருந்து உத்தரவு. அவசர அவசரமா டான் பிளாக்கை வச்சு வரி எழுதி டாம் ஜோன்ஸைப் பாட வச்சாங்க. அந்தக் கடைசி உச்சத்தைப் பிடிச்சு முடிச்சு கண்ணைத் திறந்தப்ப அறையே சுத்துச்சுன்னு டாம் ஜோன்ஸ் சொல்லியிருக்காரு. ஆனா இன்னிக்கும் படத்தைப் பாருங்க, பின்னணி இசையில பல இடத்துல அந்தக் கைவிடப்பட்ட கிஸ் கிஸ் மெட்டுதான் ஓடும். பாட்டு போயிருச்சு, அதை நம்பிக் கட்டின வீடு மட்டும் நிக்குது. ஆனாலும் படம் தப்பிச்சது. ஏன்னா புதுப் பாட்டும் அதே ஆள் போட்டது. உடைஞ்ச இடத்தைப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் அவர்தானே.

இப்ப எனக்கு ரொம்ப வலிக்கிற இடம். 1997. டுமாரோ நெவர் டைஸ்.

டேவிட் ஆர்னால்ட்னு ஒரு இளைஞர். பாண்ட் பாட்டுன்னா உயிர். பழைய பாண்ட் பாட்டுகளைப் பல பாடகர்களை வச்சு மறுபடி பண்ணி ஒரு ஆல்பமே போட்டவர். ஜான் பேரிக்கே அது பிடிச்சுப் போய் தயாரிப்பாளர்கிட்ட சிபாரிசு பண்ணினாரு. சின்ன வயசுல இருந்து கனவு கண்ட வேலை கைக்கு வருது. டான் பிளாக், டேவிட் மெக்கால்மன்ட்டோட சேந்து ஒரு டைட்டில் பாட்டு போடுறாரு. பாடினது கே.டி. லாங். ஷெர்லி பாஸி காலத்து பிராஸ், பெரிய குரல், எல்லாம் அச்சு அசல். அந்த மெட்டை எடுத்துப் படம் முழுக்க பின்னணி இசையில தூவுறாரு, ஜான் பேரிகிட்ட கத்துக்கிட்ட அதே பாடம்.

அப்புறம் மேல இருந்து முடிவு வருது. இன்னும் பிரபலமான பேரு வேணுமாம். ஷெரில் க்ரோ தனியா ஒரு பாட்டு போட்டுக் குடுக்குறாங்க, அதுதான் டைட்டில். கே.டி. லாங் பாட்டு 'சரண்டர்'னு பேரு மாறி கடைசியில, எல்லாரும் எழுந்து பார்க்கிங் போற நேரத்துல ஓடுது. 'சரணாகதி'. பேரு வச்ச புண்ணியவான் வேணும்னே வச்சாரான்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன்.

நான் இந்தப் படத்தை எட்டாங்கிளாஸ் படிக்கிறப்ப கேபிள்ல பாத்தேன். ஏதோ ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியலை. காலேஜ் வந்து ஹெட்போனோட பாத்தப்பதான் புரிஞ்சுது. சண்டையில ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வருது, "இது ஏதோ பெரிய பாட்டோட மெட்டு"ன்னு மனசு சொல்லுது, ஆனா அந்தப் பாட்டை நாம கேக்கவே இல்லை. ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுத்து ஓடுறப்ப கே.டி. லாங் ஆரம்பிச்சதும், "அடப்பாவிகளா, நீதானா அது!"ன்னு ஆயிருச்சு. பதிலை முதல்லயே பக்கம் பக்கமா எழுதிட்டு கேள்வியைக் கடைசிப் பக்கத்துல அச்சடிச்ச மாதிரி.

நியாயமா சொல்லணும்னா ஷெரில் க்ரோ பாட்டு மோசம் இல்லை. கோல்டன் குளோப் பரிந்துரை வரைக்கும் போச்சு. தனியா கேட்டா எனக்கே பிடிக்கும். அதனாலதான் சொல்றேன், இது பாட்டு நல்லா இருக்கா இல்லையாங்குற பிரச்சினை இல்லை.

இந்த இடத்துல என் சொந்தக் கதை ஒண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி, அப்ப இருந்த ஆபீஸ்ல, நானும் இன்னும் ரெண்டு பேரும் எட்டு மாசம் உக்காந்து ஒரு தேடல் மாட்யூல் கட்டினோம். சனி ஞாயிறு எல்லாம் போச்சு. மத்த டீம் ஆளுங்க அவங்க ஸ்க்ரீன் எல்லாத்தையும் எங்க மாட்யூல் எப்படி விடை குடுக்கும்னு பாத்துப் பாத்துக் கட்டினாங்க. ரிலீஸுக்கு மூணு வாரம் இருக்குறப்ப க்ளையன்ட் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் சந்தையில பேரெடுத்த ஒரு ரெடிமேட் சாமானைக் கொண்டாந்து வச்சுட்டாரு. எங்களுது அணைக்கப்பட்டது. அழிக்கலை, அணைச்சாங்க. கோடு இன்னும் ரெப்போவுல இருக்கு. யாரும் கூப்பிடுறதில்லை. ரிலீஸ் மெயில்ல அந்த சாமானுக்கு நன்றி, எங்க மூணு பேரு "மற்றும் பலர்".

வயித்தெரிச்சல் தீர நான் சொல்லக்கூடிய ஒரே விஷயம், அவங்க சாமான் மட்டமானதுன்னு. ஆனா அது பொய். அது எங்களுதை விட வேகம். உண்மையான பிரச்சினை வேற. மத்த ஸ்க்ரீன் எல்லாம் எங்களை நினைச்சு கட்டினது. பட்டியல் ஒரு வரிசையில எதிர்பாக்கும், இது இன்னொரு வரிசையில குடுக்கும். பேருல தேடினா தேதியில அடுக்கித் தரும். ரெண்டு மாசம் பயனர்கள் திட்டினாங்க. யாருக்கும் காரணம் புரியலை, "ஏதோ இடிக்குது"ன்னு மட்டும் சொன்னாங்க. எட்டாங்கிளாஸ்ல கேபிள் முன்னாடி உக்காந்து நான் சொன்ன அதே வார்த்தை.

அன்னிக்கு ராத்திரி ரூமுக்குப் போய் 'சரண்டர்' போட்டுக் கேட்டேன். வேற யாருக்கும் அது ஆறுதல் பாட்டா இருந்திருக்காது :-)

ஆர்னால்ட் கதை அதோட முடியலைங்கிறதுதான் சந்தோஷம். 1999ல தி வேர்ல்ட் இஸ் நாட் எனஃப். அவரும் டான் பிளாக்கும் எழுத, கார்பேஜ் குழு பாடிச்சு. பாட்டும் படமும் ஒட்டிச்சு. 2002 டை அனதர் டே வந்ததும் மறுபடி அதே கூத்து. மடோன்னா, எலக்ட்ரானிக் வெட்டு ஒட்டு, போதாக்குறைக்குப் படத்துல வாள் சண்டை டீச்சரா ஒரு வேஷமும். அந்தப் பாட்டு அந்த வருஷத்துச் சிறந்த பாட்டுக்கு கோல்டன் குளோப் பரிந்துரையும் வாங்குச்சு, மோசமான பாட்டுக்கு ராஸ்பெரி பரிந்துரையும் வாங்குச்சு. ரெண்டுமே நியாயம்னுதான் நினைக்கிறேன். க்ளப்ல போட்டா ஆடலாம். படத்துல வச்சா படம் வேற ஊரு, பாட்டு வேற ஊரு. மொத்தம் அஞ்சு பாண்ட் படத்துக்கு இசை போட்டாரு ஆர்னால்ட், டைட்டில் பாட்டுல அவர் கை இருந்தது ரெண்டே ரெண்டுல.

அந்த ரெண்டுல ரெண்டாவதுதான் 2006 கேசினோ ராயல். என்னைக் கேட்டா இந்த நூற்றாண்டோட மிகச் சிறந்த பாண்ட் பாட்டு இதுதான், அடிக்க வர்றவங்க வரலாம். க்ரிஸ் கார்னலும் ஆர்னால்டும் சேந்து எழுதின 'யூ நோ மை நேம்'. படத்துல டேனியல் க்ரெய்க் இன்னும் பாண்ட் ஆகலை. இப்பத்தான் கொலை பண்ணக் கத்துக்கிட்டு வர்ற முரட்டுப் பய. அதனால அந்தப் பழைய கிட்டார் மெட்டை ஆர்னால்ட் முழுசா குடுக்கவே மாட்டாரு. அதுக்குப் பதிலா கார்னல் பாட்டோட மெட்டுதான் சண்டையிலயும் ஓட்டத்துலயும் வரும். பழைய மெட்டு அங்கங்க ரெண்டு ஸ்வரம் எட்டிப் பாத்துட்டு ஓடிரும். கடைசிக் காட்சியில தன் பேரைச் சொல்லுறான் பாருங்க, அப்பத்தான் முழுசா விழும் அந்த "டண்டடண்டண்". ரெண்டு மணி நேரத்துக்கு மேல பட்டினி போட்டுட்டு போடுற சோறு. பாட்டும் பின்னணி இசையும் வேற வேற கையில இருந்திருந்தா இந்தத் திட்டமே போட முடியாது.

விருதுக் கணக்கையும் பாத்துருவோம். ஆஸ்கர் வாங்கின பாண்ட் பாட்டு மூணு. அடெல் பாடின ஸ்கைஃபால் 2013ல, சாம் ஸ்மித்தோட 'ரைட்டிங்ஸ் ஆன் தி வால்' 2016ல, பில்லி ஐலிஷோட 'நோ டைம் டு டை' 2022ல. கோல்ட்ஃபிங்கருக்குச் சிறந்த பாட்டுக்கான ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. 'யூ நோ மை நேம்'க்கும் இல்லை. விருதை வச்சு அளந்தா என் கட்சி டெபாசிட் காலி.

இப்ப நீங்க பின்னூட்டத்துல கேக்கப்போற கேள்விகளை நானே கேட்டுக்குறேன்.

ஒண்ணு: "நட்சத்திரம் இல்லாம படம் எப்படிய்யா ஓடும்?" நட்சத்திரம் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. 1985 எ வியூ டு எ கில். டுரான் டுரான் குழுவுல இருந்த ஜான் டெய்லர் ஒரு பார்ட்டியில, கொஞ்சம் உள்ள போன நிலையில, தயாரிப்பாளர் ப்ராக்கலிகிட்ட போய் "எப்பதான் ஒரு உருப்படியான ஆளை வச்சு பாட்டு போடுவீங்க?"ன்னு கேட்டானாம். அதுல கிடைச்ச வாய்ப்பு. அன்னிக்கு அவங்களை விடப் பெரிய நட்சத்திரம் யாரு? ஆனா பாட்டை ஜான் பேரியோட உக்காந்து பண்ணினாங்க. படத்துல காதல் காட்சியில அதே மெட்டு மென்மையா வரும். அமெரிக்காவுல முதலிடம் பிடிச்ச ஒரே பாண்ட் பாட்டு இன்னிக்கு வரைக்கும் அதுதான். நட்சத்திரமும் வந்தாச்சு, காசும் வந்தாச்சு, படமும் கெடலை.

ரெண்டு: "பால் மெக்கார்ட்னி தனியாத்தானே எழுதினாரு?" ஆமா. 1973 லிவ் அண்ட் லெட் டைக்கு நாவலைப் படிச்சுட்டு எழுதிக் குடுத்தாரு. தயாரிப்பாளர் சால்ட்ஸ்மன் ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு, இது மாதிரிக்குப் பாடினதுன்னு நினைச்சு, "நல்லா இருக்கு, யாரை வச்சு பாட வைக்கலாம்?"னு கேட்ட கதை பிரசித்தம். (பீட்டிலைப் பாத்து!) ஆனா கவனிங்க, அந்தப் பாட்டை ஒலிப்பதிவு பண்ணி ஆர்கெஸ்ட்ரா சேத்தது ஜார்ஜ் மார்ட்டின். படத்துக்குப் பின்னணி இசையும் அதே ஜார்ஜ் மார்ட்டின். நான் சொல்ற கொத்தனார் அங்கயும் இருந்தாரு.

மூணு: "ஸ்கைஃபால்?" இது கொஞ்சம் கஷ்டமான கேள்விதான். அடெலும் பால் எப்வொர்த்தும் எழுதினது, பின்னணி இசை தாமஸ் நியூமன். ரெண்டும் வேற வேற. ஆனா அடெலுக்கு முன்னாடியே திரைக்கதையைக் குடுத்துப் படிக்க வச்சிருந்தாங்க. அதனால பாட்டு கதையோட உட்காந்திருச்சு. பின்னணி இசையில அந்த மெட்டு மக்காவ் சூதாட்ட விடுதிக்கு பாண்ட் படகுல போறப்ப ஒரு இடத்துல எட்டிப் பாக்கும். அந்த இடத்துல எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும். உடனே ஒரு ஏக்கமும் வரும், இன்னும் நாலு இடத்துல வந்திருக்கக் கூடாதான்னு.

நாலு: "பில்லி ஐலிஷ்?" இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ஏன்னா இங்க என் மனசே மாறியிருக்கு.

'நோ டைம் டு டை' பாட்டு 2020 பிப்ரவரி 13ல வந்துச்சு. அப்ப அந்தப் பொண்ணுக்கு 18 வயசு. பாண்ட் பாட்டு பாடினவங்கள்லயே இளையவர். அண்ணன் ஃபினியஸும் அவங்களும் சேந்து எழுதினது. படம் ஏப்ரல்ல வர வேண்டியது. கொரோனா வந்துச்சு. படம் நவம்பருக்குப் போச்சு, அப்புறம் அடுத்த வருஷம், அப்புறம் இன்னும் தள்ளி. கடைசியா 2021 செப்டம்பர் 30ல தியேட்டருக்கு வந்துச்சு. பாட்டுக்கும் படத்துக்கும் நடுவுல பத்தொன்பது மாசம். 2021 மார்ச்ல படத்துக்காக எழுதின சிறந்த பாட்டுன்னு கிராமி வாங்கினப்ப, எந்தப் படத்துக்காக எழுதினதோ அதை ரசிகன் எவனும் பாத்திருக்கலை!

அந்தப் பத்தொன்பது மாசமும் அந்தப் பாட்டு என்கூட இருந்துச்சு. வேலையில சேந்து ஒரு வருஷம்கூட ஆகலை, ஊருக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்குள்ள நெட் எடுக்காது, மொட்டை மாடியில தண்ணி டேங்க் நிழல்ல லேப்டாப். ராத்திரி கால் முடிஞ்சு எல்லாரும் தூங்கின அப்புறம் அதே மாடியில பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு அந்தப் பாட்டைக் கேப்பேன். அந்த முணுமுணுப்புக் குரல் எனக்காகவே பாடுற மாதிரி. அப்ப எனக்கு அது உலகமே கதவைச் சாத்திக்கிட்ட பாட்டு. தெருவுல ஆம்புலன்ஸ் சத்தம் போனா அதுக்கும் பாட்டுக்கும் நடுவுல வித்தியாசம் தெரியாது. படம் வரலைன்னா என்ன, பாட்டு என்னோடதுன்னு நினைச்சேன். அதாவது நான் இப்ப எதுத்துப் பேசுற கட்சியில அப்ப நானே உறுப்பினர்.

படம் வந்துச்சு. பாதி காலியான தியேட்டர், மூக்குல மாஸ்க். டைட்டிலுக்கு முந்தின காட்சி இத்தாலியில. காதலி தன்னைக் காட்டிக் குடுத்துட்டாள்னு நம்பி பாண்ட் அவளை ரயில்ல ஏத்தி விடுறான். கதவு மூடுது, ரயில் நகருது. அவ உள்ள பெட்டி பெட்டியா நடந்து ஜன்னல் வழியா அவனைப் பாத்துக்கிட்டே வர்றா. அவன் திரும்பி நடக்குறான். அந்த இடத்துல பாட்டு ஆரம்பிக்குது.

பத்தொன்பது மாசம் முன்னூறு தடவை கேட்ட பாட்டு, அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். அது கொரோனா பாட்டும் இல்லை, என் மொட்டை மாடிப் பாட்டும் இல்லை. அது அந்தப் பிளாட்பாரத்துல நிக்கிறவனோட பாட்டு. ஒவ்வொரு வரியும் அந்தக் காட்சியோட கடைசி வினாடியில இருந்து தொடருது. அப்புறம் தேடிப் படிச்சப்ப தெரிஞ்சுது, எழுதுறதுக்கு முன்னாடி படத்தோட தொடக்கத் திரைக்கதையை அவங்களுக்குக் குடுத்திருக்காங்க. பாட்டோட ஆர்கெஸ்ட்ராவுல ஹான்ஸ் ஸிம்மர் கையும் இருந்துச்சு, அவர்தான் படத்துக்கும் இசை. அவசரமா ஒட்டினதுன்னு நான் நினைச்ச பாட்டு, நான் சொல்ற முறையிலதான் பண்ணியிருந்தாங்க. தப்பு பண்ணினது காலம்.

கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. என் மாடிப் பாட்டு போயிருச்சே. ஆனா அது கிடைச்ச இடம் இன்னும் பெரிசு.

அதே படம் முடிஞ்சு எழுத்து ஓடுறப்ப வர்றது வேற ஒரு பாட்டு. 1969 ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ் படத்துக்கு ஜான் பேரி போட்டு, ஹால் டேவிட் எழுதி, லூயி ஆம்ஸ்ட்ராங் பாடினது. அந்தப் படத்துல அது டைட்டில் பாட்டுகூட இல்லை, டைட்டில்ல வெறும் வாத்திய இசைதான். உடம்பு முடியாத நிலையில, ட்ரம்பெட் வாசிக்கத் தெம்பில்லாம, ஆம்ஸ்ட்ராங் பாடிக் குடுத்த பாட்டு. படத்துக்குள்ள காதல் காட்சியில வந்துட்டுப் போயிரும். 52 வருஷம் கழிச்சு அந்த மெட்டை எடுத்து ஸிம்மர் புதுப் படத்துல போடுறாரு, தியேட்டர்ல பாதிப் பேரு மூக்கை உறிஞ்சுறான். இந்த வித்தையை மடோன்னா பாட்டை வச்சு 2054ல யாராவது பண்ண முடியுமா? பண்ணினா முதல் டிக்கெட் நான் வாங்குறேன், அப்ப உசுரோட இருந்தா :-)

அதனால வில்னெவ் அய்யாவுக்கும் அமேசான் அண்ணாச்சிக்கும் ஒரு சாமானியனோட கோரிக்கை. யாரை வேணா பாட வைங்க. துவா லிபாவோ டெய்லர் ஸ்விஃப்டோ, எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனா வரிசையை மாத்தாதீங்க. முதல்ல இசையமைப்பாளர். அப்புறம் அவரையும் பாடுறவங்களையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு, கையில திரைக்கதையைக் குடுங்க. முக்கியமா, ஒரு மெட்டை நம்பி ஒருத்தன் ஆறு மாசம் வீடு கட்டினப்புறம் மூணு வாரத்துக்கு முன்னாடி அஸ்திவாரத்தை உருவாதீங்க. உருவினவன் மறந்துருவான். வீட்டுக்குள்ள குடியிருக்குறவனுக்கு ரொம்ப நாள் இடிச்சுக்கிட்டே இருக்கும்.

மக்களே, உங்களுக்கு ஒரு வேலை. இன்னிக்கு ராத்திரி கேசினோ ராயல் போட்டு, முதல் தடவை பாட்டு மெட்டு பின்னணியில எங்க வருதுன்னு கண்டுபிடிச்சுப் பின்னூட்டத்துல போடுங்க. எனக்கு ஒரு இடம் தெரியும், அதுக்கு முன்னாடியே யாராவது பிடிச்சா அடுத்த டீ என் செலவு. (எப்படியும் என் செலவுதான்.)

பி.கு: இதைப் பதிவேத்துறதுக்கு முன்னாடி பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தனுக்குப் படிச்சுக் காட்டினேன். எங்க தேடல் மாட்யூலை மறுபடி ஆன் பண்ணலாமான்னு அங்க யாரோ கேட்டாங்களாம். "எழுதினவன் யாருன்னு தெரியலையே"ன்னு மீட்டிங்ல பேசிக்கிட்டாங்களாம். இவன் வாயைத் திறக்கலை. சொல்லித் தொலைடா, பேரு கோடு கமெண்ட்லயே இருக்கு!